செராமிக் பிரேக்கும் இரும்பு பிரேக்கும்

ஸ்போர்ட்ஸ் கார்களின் சக்கரங்களில் பொருத்தப்படும் பிரேக் வட்டுகள் பெரும்பாலும் இரண்டு வகைப்படும். ஒன்று வார்ப்பிரும்பு வட்டு. மற்றொன்று கார்பன் இழையும் சிலிக்கான் கார்பைடும் சேர்ந்த செராமிக் வட்டு. செராமிக் வட்டு எடை குறைந்தது, துருப்பிடிக்காதது, விலையோ பல மடங்கு கூடியது. விலை கூடியதால் அதுவே எல்லா வகையிலும் சிறந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் எது ஏற்றது என்பது கார் எங்கே ஓடுகிறது, பிரேக்கில் எவ்வளவு வெப்பம் சேர்கிறது, தேய்ந்த வட்டை மாற்ற எவ்வளவு செலவாகும் என்ற மூன்றையும் பொறுத்தது.

பிரேக் செய்யும் வேலை

ஓடும் வண்டியில் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் காலிப்பரில் உள்ள பேடுகள் சுழலும் வட்டை இருபுறமும் அழுத்துகின்றன. உராய்வினால் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறி, முதலில் வட்டிலும் பிறகு காற்றிலும் சேர்கிறது. ஆகவே பிரேக்கை ஒரு வெப்பம் உண்டாக்கும் கருவி என்றே சொல்லலாம். உண்டான வெப்பத்தை அது எப்படித் தாங்கி, எவ்வளவு விரைவில் வெளியேற்றுகிறது என்பதில்தான் வட்டின் தரம் அடங்கியுள்ளது.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 580 கிலோஜூல். 30 டிகிரி செல்சியசில் உள்ள 2 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த ஆற்றல் போதும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், வேகம் 200 கிலோமீட்டர் ஆனால் ஆற்றல் இரண்டு மடங்காக அல்ல, நான்கு மடங்காகிறது. அதாவது 8 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பத்தைப் பிரேக்குகள் சில நொடிகளில் ஏற்க வேண்டும்.

பிரேக் பிடிக்கும்போது காரின் பாரம் முன்பக்கம் சாய்வதால், இந்த வெப்பத்தில் சுமார் 70 விழுக்காடு முன்சக்கர வட்டுகளுக்கே போகிறது. முன்வட்டு ஒவ்வொன்றும் 10 கிலோகிராம் எடையுள்ள இரும்பு என்று வைத்துக்கொண்டால், 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது அவற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 175 டிகிரி உயரும். ஆற நேரம் கொடுக்காமல் மூன்று முறை இப்படி நிறுத்தினால், கணக்குப்படி 500 டிகிரியைத் தாண்டிவிடும்.

சூடு கூடினால் என்ன ஆகும்?

பிரேக் சூடேறும்போது பெரும்பாலும் முதலில் தோற்பது வட்டு அல்ல, பேடும் பிரேக் ஆயிலும்தான். சாதாரணப் பேடில் உள்ள பிசின் அளவுக்கு மீறிச் சூடானால் சிதைந்து வாயுவை வெளியிடும். உராய்வு குறையும். எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி எதிர்பார்த்தபடி நிற்காது.

பிரேக் ஆயில் கொதிப்பது இதைவிட ஆபத்தானது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரையும், டாட் 4 வகை 230 டிகிரி வரையும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த நிலைக்கு விதி கேட்பது முறையே 140, 155 டிகிரி மட்டுமே. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே மிதி தரைவரை போகும், அழுத்தமோ சக்கரத்துக்குப் போய்ச் சேராது. விலை உயர்ந்த வட்டைப் பொருத்தியவரும் பழைய பிரேக் ஆயிலை மாற்றாமல் ஓட்டினால் இந்த ஆபத்திலிருந்து தப்ப முடியாது.

வார்ப்பிரும்பு வட்டு

வட்டு பிரேக்குக்கு 1902இல் இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடரிக் லான்செஸ்டர் காப்புரிமை பெற்றார். 1953ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் வட்டு பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப் கார் வென்ற பிறகு அதன் மதிப்பு உலகுக்குத் தெரிந்தது.

இந்த வட்டுகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது சாம்பல் வார்ப்பிரும்பு. இதனுள் கிராபைட் மெல்லிய செதில்களாகப் பரவியிருக்கிறது. அதனால் இது வெப்பத்தை நன்கு கடத்துகிறது, அதிர்வையும் ஓரளவு உள்வாங்குகிறது. எளிதில் வார்க்கலாம், லேத்தில் கடைந்து மட்டம் செய்யலாம். தேய்ந்துபோன வட்டை உருக்கி மீண்டும் வார்க்கலாம். இதன் குறைகள் எடையும் துருவும். மழையில் நனைந்து நின்ற காரின் வட்டில் மறுநாள் காலையில் செம்பழுப்பு நிறம் படிந்திருப்பது இதனால்தான். அது மேலோட்டமான துரு. இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்ததும் போய்விடும்.

செராமிக் வட்டு

செராமிக் என்றதும் வீட்டிலுள்ள பீங்கான் கோப்பை நினைவுக்கு வரும். ஆனால் கோப்பையைப் போல் இந்த வட்டு எளிதில் நொறுங்குவதில்லை. கார்பன் இழைத் துண்டுகளைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்தி வட்டு வடிவம் தருகிறார்கள். பிறகு காற்றில்லாத உலையில் ஏறத்தாழ 900 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது பிசின் கரியாகி, நுண்துளைகள் நிறைந்த வட்டு கிடைக்கிறது. சிலிக்கான் 1,414 டிகிரியில் உருகும். அதைவிடக் கூடுதலான வெப்பத்தில் உருகிய சிலிக்கான் அந்தத் துளைகளில் புகுந்து, கரியுடன் வினைபுரிந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. இது சாணைக் கல்லில் பயன்படும் அதே கடினமான பொருள். கார்பன் இழைகள் உள்ளே இருப்பதால் விரிசல் எளிதில் பரவாது. பல கட்டங்களாக நடக்கும் இந்த உலைவேலைதான் இதன் உயர்ந்த விலைக்குக் காரணம்.

2000ஆம் ஆண்டை ஒட்டி இவ்வகை வட்டுகள் சாலைக் கார்களில் இடம்பெறத் தொடங்கின. 2001இல் வந்த போர்ஷே 911 ஜிடி2 காரில் இவை விருப்பத் தேர்வாக இல்லாமல், காருடனேயே வந்தன. ஒரே அளவுள்ள இரும்பு வட்டைவிட இதன் எடை ஏறத்தாழ பாதி என்று போர்ஷே கூறுகிறது. சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் பாகங்களின் எடை குறைந்தால், மேடுபள்ளங்களில் டயர் சாலையை விட்டு விலகாமல் ஓடுவது எளிதாகும்.

எடை பாதியானதால் வெப்பத்தை ஏற்கும் திறனும் பாதியாகிவிடுமோ என்ற ஐயம் எழலாம். ஒரு கிலோகிராம் இரும்பை 1 டிகிரி சூடாக்கச் சுமார் 460 ஜூல் வேண்டும். கார்பன் செராமிக்குக்குச் சுமார் 800 ஜூல் வேண்டும். எனவே எடை குறைவால் ஏற்படும் இழப்பைத் தன்வெப்ப ஏற்புத்திறன் பெருமளவு ஈடுசெய்கிறது.

பந்தய வண்டிகளில் எது?

பார்முலா 1 கார்களில் இருப்பது செராமிக் அல்ல, முழுக்க முழுக்கக் கார்பனால் ஆன வேறு வகை வட்டு. அதுபோன்ற கார்பன் வட்டுகள் முன்பு கான்கார்டு விமானத்தில் இருந்தன. இந்தியாவின் தேஜஸ் போர் விமானத்திலும் உள்ளன. பார்முலா 1 கார்களின் வட்டு சூடேறினால்தான் நன்றாகப் பிடிக்கும். கடைத்தெருவுக்குச் சென்று வரும் காருக்கு அது உதவாது. செராமிக் வட்டு குளிர்ந்த நிலையிலும் பிடிப்பதால்தான் சாலைக் கார்களுக்கு அது வந்தது.

ஜிடி3 பந்தயப் பிரிவில் விதியே கார்பன் பிரேக்கைத் தடுத்து இரும்பு வகை வட்டைக் கேட்கிறது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுநேரத் தெருப் பந்தயத்தில் ஓடிய பார்முலா 4 கார்களிலும் கார்பன் வட்டு கிடையாது. செலவைக் கட்டுக்குள் வைப்பது இத்தகைய விதிகளின் முக்கிய நோக்கம்.

சொந்தக் காரை அடிக்கடி பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் பலர் செராமிக்கைக் கழற்றிவிட்டு இரும்பு வட்டைப் பொருத்துவதும் உண்டு. இடைவிடாத கடும் வெப்பத்தில் செராமிக் வட்டிலுள்ள கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து சிறிது சிறிதாக எரிகிறது. தடிமன் அப்படியே இருக்க, எடை குறைந்துகொண்டே வரும். இதனால்தான் பல செராமிக் வட்டுகளில் குறைந்தபட்ச எடை பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த எடைக்குக் கீழே இறங்கிய வட்டை மாற்றியே ஆக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறக்கப்பட்ட பந்தயத் தடம் போன்ற இடங்களில் வாரந்தோறும் ஓட்டுபவருக்கு, தேய்ந்ததும் குறைந்த செலவில் மாற்றக்கூடிய இரும்பு வட்டே கட்டுப்படியாகும்.

ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரமும் பிரேக்கும்

தமிழ்நாட்டில் பிரேக் தொழிலுக்கு அறுபது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் 1962இல் தொடங்கியது. ராணே பிரேக் லைனிங் 1964இலும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இலும் உருவாயின. இவற்றின் வளர்ச்சி இரும்பு வட்டு, இரும்பு டிரம், அவற்றுக்கான உராய்வுப் பொருள் ஆகியவற்றைச் சார்ந்தது.

ஓசூரில் டிவிஎஸ் மோட்டார் தயாரிக்கும் அப்பாச்சி ஆர்ஆர் 310 விளையாட்டு வகை பைக்கின் முன்சக்கரத்தில் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு வட்டு உள்ளது. ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, கல்லாவி சாலைகளில் ஓடும் கார், பேருந்து, லாரி, இருசக்கர வண்டி ஆகியவற்றை நிறுத்துவது இரும்பும் எஃகும்தான்.

இவ்வட்டாரத்தில் பிரேக்குக்குப் பெரிய சோதனை பந்தயத் தடத்தில் அல்ல, தருமபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில்தான் நடக்கிறது. பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சேலம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இங்கே நீண்ட இறக்கமாக இறங்குகிறது. பாரம் ஏற்றிய லாரிகள் கட்டுப்பாட்டை இழந்து முன்னால் செல்லும் வண்டிகளில் மோதும் விபத்துகள் இங்கே பலமுறை நடந்து உயிர்களைப் பறித்துள்ளன.

காரணத்தை முன்பு பார்த்த கணக்கைக் கொண்டே விளக்கலாம். 40 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது ஏறத்தாழ 39,000 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 130 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்க இது போதும். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறக்கினால், எஞ்சின் தரும் தடை இல்லாமல் போய் இந்த வெப்பம் பெரும்பாலும் பிரேக்குக்கே வந்து சேரும். குறைந்த கியரில் இறக்கினால் அதில் ஒரு பெரும் பங்கை எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் காருக்கும் இதே விதிதான். பிரேக் எந்தப் பொருளால் ஆனது என்பதைவிடக் கியரைப் பயன்படுத்தும் முறையே இறக்கத்தில் உயிரைக் காக்கிறது.

செராமிக் பிரேக் விரைவில் நிறுத்துமா?

அவசரத்தில் ஒருமுறை பிரேக் பிடிக்கும்போது, நல்ல நிலையிலுள்ள இரண்டு வகைப் பிரேக்கும் சக்கரத்தை முற்றிலும் பூட்டும் அளவுக்கு வலிமை உடையவை. சக்கரம் பூட்டாதபடி ஏபிஎஸ் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. அதற்கு மேல் எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கும் என்பதை முடிவு செய்வது டயருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்புதான். நல்ல டயரும் காய்ந்த சாலையும் இருந்தால் 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சுமார் 40 மீட்டரில் கார் நிற்கும். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி ஆனால் அதற்குள் மேலும் 28 மீட்டர் கடந்திருக்கும். தேய்ந்த டயரோடு செராமிக் பிரேக் பொருத்திய காரைவிட, நல்ல டயரோடு இரும்பு பிரேக் பொருத்திய கார் விரைவில் நிற்கும். செராமிக்கின் நன்மை முதல் முறை நிறுத்துவதில் தெரியாது. அடுத்தடுத்துப் பலமுறை நிறுத்தும்போதும், எடை குறைவிலும்தான் தெரியும்.

பராமரிப்பும் செலவும்

அமெரிக்காவில் போர்ஷே 911 காருக்குச் செராமிக் பிரேக்கை விருப்பத் தேர்வாகச் சேர்க்க 8,000 டாலருக்கு மேல் ஆகிறது. சாதாரணச் சாலையில் ஓட்டினால் இவ்வட்டுகள் மிக நீண்ட காலம் உழைக்கும். தூசு குறைவாகவே வரும். ஆனால் இதன் விளிம்பு அடிபட்டால் சில்லு பெயரும். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது அது வட்டில் இடிக்காமல் இருக்க வழிகாட்டும் முளைகளைத் திருகிக்கொள்ள வேண்டும். இது தெரியாத பஞ்சர் கடையில் ஒருமுறை இடித்தாலும் பெருஞ்செலவாகிவிடும். செராமிக் வட்டை லேத்தில் கடையவும் முடியாது, பழைய இரும்பைப் போல் உருக்கி வார்க்கவும் முடியாது.

கடைகளில் விற்கும் செராமிக் பேடை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது இரும்பு வட்டில் பயன்படுத்தும் ஒரு வகைப் பேடு மட்டுமே. செராமிக் வட்டுக்கு அதற்கென்றே தயாரித்த பேடு வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியும் உள்ளது. 2017இல் போர்ஷே தன் கயன் காரில், டங்ஸ்டன் கார்பைடு மேற்பூச்சு உள்ள இரும்பு வட்டை அறிமுகப்படுத்தியது. பூச்சின் தடிமன் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். துருவும் தூசும் குறைகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய யூரோ 7 விதிகள் பிரேக் தூசுக்கும் வரம்பு வைத்திருப்பதால், இத்தகைய வட்டுகளின் தேவை கூடக்கூடும்.

தேர்வு செய்யும் முறை

வேகமான, எடை மிகுந்த காரைப் பெரும்பாலும் சாலையிலேயே ஓட்டி, நீண்ட காலம் வைத்திருக்க விரும்புபவருக்கு, விலை ஒரு தடையாக இல்லாவிட்டால், செராமிக் ஏற்றது. அதைக் கையாளத் தெரிந்த பணிமனையும் அருகில் இருக்க வேண்டும். பந்தயத் தடத்தில் அடிக்கடி ஓட்டுபவருக்கு, நல்ல பேடும் கொதிநிலை உயர்ந்த பிரேக் ஆயிலும் சேர்ந்த இரும்பு வட்டு ஏற்றது. வீட்டுக் காருக்கு இரும்பு வட்டே போதும். செராமிக்குக்கு ஆகும் தொகையில் ஒரு சிறு பகுதியை நல்ல டயருக்கும், உரிய காலத்தில் பிரேக் ஆயில் மாற்றுவதற்கும் செலவிட்டாலே அந்தக் காரின் பாதுகாப்பு பெருமளவு கூடும்.