பருவமும் பந்தயமும்

பத்து வயது வரை ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் விந்தகங்கள் டெஸ்டோஸ்டிரோனை மிகுதியாகச் சுரக்கத் தொடங்கியதும் நிலைமை மாறுகிறது. உயரம் கூடுகிறது, தோள் அகல்கிறது, தசை திரள்கிறது, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் அதிகரிக்கிறது. தேர்ந்த ஓட்டக்காரர்களிடையே ஆண்–பெண் இடைவெளி ஏறத்தாழ 10 முதல் 12 சதவீதம். பெண்களுக்குத் தனிப் போட்டி நடத்துவது இதனால்தான். திருநர் மாணவர்கள் எந்த அணியில் ஆடுவது என்ற கேள்வி பிறப்பதும் இங்கேதான்.

திருநங்கை ஒருவர் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டால், உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் மாறிவிடுவதில்லை. ஹீமோகுளோபின் நான்கு மாதங்களுக்குள் பெண்களின் அளவுக்கு இறங்கிவிடும். தசையோ ஓராண்டு கழிந்தும் சுமார் 5 சதவீதமே குறையும். வளர்ந்த எலும்பு குறுகுவதேயில்லை. அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய திருநங்கைகளின் உடற்தகுதிப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். இரண்டு ஆண்டு சிகிச்சைக்குப் பின் தண்டாலில் மற்றப் பெண்களோடு இருந்த வித்தியாசம் மறைந்திருந்தது. ஓட்டத்தில் மட்டும் 12 சதவீத முன்னிலை நீடித்தது.

ஆனால் இவை பெரியவர்களின் கணக்கு. பருவமடைதலின் தொடக்கத்திலேயே அதை நிறுத்திவைக்கும் மருந்து பெற்ற பிள்ளைக்கு அந்த வளர்ச்சியே நேர்ந்திருக்காது. பருவத்துக்கு வராத பிள்ளையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இருந்தும், திருநங்கையர் பெண்கள் அணியில் ஆடுவதற்கு அமெரிக்காவில் முதலில் தடை கொண்டுவந்த ஐடஹோ மாநிலத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்கப் பள்ளி முதல் கல்லூரி வரை ஒரே கோட்டைக் கிழித்தது. ஆறு வயதுக்கும் இருபது வயதுக்கும் ஒரே அளவுகோல் என்பது உடலியலுக்குப் பொருந்தாதது.

பிறப்புச் சான்றிதழை மட்டும் பார்ப்பது வேறு விதத்திலும் தவறிப்போகும். டெக்சாஸில் மருத்துவர் சொன்னபடி டெஸ்டோஸ்டிரோன் எடுத்துவந்த திருநம்பி மாணவர் ஒருவர், ஆண்களோடு மல்யுத்தம் செய்யவே விரும்பினார். விதி விடவில்லை. பெண்களோடு மோதி 2017, 2018 இரண்டு ஆண்டும் மாநிலப் பட்டம் வென்றார். அவருக்கும் அது நியாயமில்லை, எதிரே நின்ற மாணவிகளுக்கும் நியாயமில்லை.

யூட்டா மாநிலத்தில் 2022 மார்ச்சில் இதே வகைத் தடைச் சட்டத்துக்கு ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் ஒப்புதல் தர மறுத்தார். உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் 75,000 மாணவர்கள். அவர்களில் திருநர் நால்வர். பெண்கள் அணியில் ஆடியவர் ஒரே ஒருவர் என்று தம் கடிதத்தில் குறிப்பிட்டார். சில நாட்களிலேயே சட்டமன்றம் அவருடைய மறுப்பைத் தள்ளிச் சட்டத்தை நிறைவேற்றியது.

அதே ஆண்டில் அங்கே இன்னொரு சம்பவமும் வெளியே வந்தது. ஒரு போட்டியில் முதலிடம் பெற்ற மாணவிமீது, இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்களின் பெற்றோர் சந்தேகம் கிளப்பினார்கள். பள்ளி விளையாட்டுச் சங்கம் அவள் குடும்பத்துக்குத் தெரிவிக்காமலே மழலையர் வகுப்பு வரை பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தது. எல்லா ஆண்டிலும் பெண் என்றே எழுதியிருந்தது.