உங்களுக்குத் தெரியுமா? பம்பாயில் செட் போட்ட ஜெர்மன் பிரபு

மும்பையின் மான்குர்த்வாசிகளுக்கு ஸ்டுடியோ என்றதும் இரண்டு ஸ்டேஷன் தள்ளி, செம்பூரில் இருந்த ஆர்.கே.தான் நினைவுக்கு வரும். ராஜ் கபூர் அதைத் தொடங்கியது 1948-ல். அதற்கும் முன்பே, மலாடில் இயங்கிய பாம்பே டாக்கீஸில் கலை இயக்குநராக இருந்தவர் ஒரு ஜெர்மன்காரர்: கார்ல் வான் ஸ்ப்ரெட்டி.

பவேரியப் பிரபு குடும்பத்தில் 1907-ல் பிறந்தவர், படித்தது கட்டடக்கலை. அதே ஸ்டுடியோவில் பணியாற்றிய இயக்குநர் ஃப்ரான்ஸ் ஆஸ்டன், ஒளிப்பதிவாளர் யோசெஃப் வியர்ஷிங் ஆகியோரும் அவர் நாட்டவர்களே. தேவிகா ராணியும் அசோக் குமாரும் நடித்த 'அச்சுத் கன்யா' (1936) படத்துக்குக் கலை இயக்கம் ஸ்ப்ரெட்டிதான். தலித் பெண்ணுக்கும் பிராமணப் பையனுக்கும் இடையிலான காதல் கதை அது. ரயில்வே கேட், கேட்காரரின் வீடு, கிராமத்துத் தெரு என்று கதை சுற்றிவரும் உலகம் முழுக்க நம் மண். அதை ஒரு பவேரியர் வடிவமைத்தார் என்பது இன்றும் வியக்கவைக்கிறது.

1939-ல் போர் மூண்டதும் ஆஸ்டனையும் வியர்ஷிங்கையும் பிரிட்டிஷ் அரசு பிடித்து அடைத்தது. ஸ்ப்ரெட்டி அதற்குள் ஊர் திரும்பியிருந்தார். பிறகு எம்.பி. ஆனார், லக்சம்பர்க், கியூபா, ஜோர்டான் நாடுகளில் தூதராக இருந்தார்.

கடைசிப் பணியிடம் குவாத்தமாலா. 1970 மார்ச் 31 அன்று கெரில்லாக்கள் அவரைக் கடத்தினார்கள். சிறையிலிருக்கும் தோழர்களை விடுவிக்க வேண்டும், 7 லட்சம் டாலர் தர வேண்டும் என்றார்கள். குவாத்தமாலா அரசு இணங்கவில்லை. ஏப்ரல் 5-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.