ஒலி வயரில் அம்புக்குறி: திசை மாறினால் ஓசை மாறுமா?

மின்னோட்டம் பற்றிய பாடத்தின்போது ஒரு மாணவர் எழுந்து, "சேர், அண்ணா வாங்கின ஸ்பீக்கர் வயரில அம்புக்குறி போட்டிருக்கு. மாறிக் கொழுவினால் பாட்டு வடிவாக் கேக்காதாம். உண்மையோ?" என்று கேட்டார். கலைப் பட்டதாரியான நான் சற்றும் யோசியாமல், "அம்பு போட்டிருந்தால் காரணம் இருக்கும்தானே" என்று கூறிவிட்டேன். அது பிழையான விடை. அடுத்த வகுப்பில் அதனைத் திருத்த நேர்ந்தது. அத்திருத்தமே இங்கு விரிவாகத் தரப்படுகின்றது.

அம்புக்குறியைக் கண்டதும் குழாயில் நீர் பாய்வது போன்ற ஒரு படம் எம் மனதில் தோன்றுகின்றது. மின்கலமும் மின்குமிழும் இணைந்த சுற்றில் பாய்வது நேரோட்டம். அதற்கு ஒரே திசை உண்டு. ஆனால் விரியலாக்கியிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஒலிச் சைகை ஆடலோட்டமாகும். 1000 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய சுரம் ஒலிக்கும்போது மின்னோட்டம் செக்கனுக்கு 1000 தடவை முன்னும் 1000 தடவை பின்னுமாகப் பாய்கின்றது. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அதிர்வது இதனாலேயே. 1 சதுர மில்லிமீற்றர் குறுக்குவெட்டுப் பரப்புடைய செப்புக் கம்பியில் 1 அம்பியர் பாயும்போது இலத்திரன்கள் நகரும் சராசரி வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர் மாத்திரமே. எனவே மேற்கூறிய சுரத்தில், திசை மாறுவதற்கு முன் அவை ஒரு மில்லிமீற்றரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கையேனும் கடப்பதில்லை. ஒலிபெருக்கியை நோக்கிச் செல்வது சக்தியே. இலத்திரன்கள் நின்ற இடத்திலேயே ஊசலாடுகின்றன.

இதைவிட எளிதான காரணம் ஒன்றும் உண்டு. ஒலிபெருக்கி வயரினுள் இரண்டு கம்பிகள் உள்ளன. சுற்று பூரணமாவதற்கு ஒன்றினால் செல்லும் மின்னோட்டம் மற்றையதினால் திரும்ப வேண்டும். ஆகவே எந்தக் கணத்திலும் ஒரு கம்பியில் மின்னோட்டம் அம்பின் வழியேயும், மற்றையதில் அம்புக்கு எதிராகவும் பாயும். வயரை முனை மாற்றிக் கொழுவினாலும் நிலைமை அதுவே! ஒரு சுற்றை வரைந்து பார்த்தால் நன்கு விளங்கும்.

செப்பைக் கம்பியாக இழுக்கும்போது அதன் பளிங்குகள் ஒரு பக்கமாகச் சாய்வதால் திசை உண்டாகிறது என்றும் சிலர் வாதிடுவர். ஒரு திசையில் இலகுவாகவும் மறு திசையில் கடினமாகவும் கடத்தும் பொருட்கள் உண்மையில் உள்ளன. 1874 இல் பேர்டினண்ட் பிரௌன் ஈயச் சல்பைட்டுப் பளிங்கின் மீது உலோக முனையை வைத்து இவ்வியல்பை அவதானித்தார். நீங்கள் கற்கும் இருவாயியின் இயல்பும் இதுவே. ஆனால் செப்பு அத்தகையதன்று. செப்புக் கம்பிக்கு அழுத்த வேறுபாட்டின் நேர்ப் பெறுமானங்களுக்கும் மறைப் பெறுமானங்களுக்கும் வரைபு வரைந்தால், உற்பத்திப் புள்ளியூடாகச் செல்லும் ஒரே நேர்கோடே கிடைக்கும். ஓமின் விதி திசை பார்ப்பதில்லை.

இரண்டு விடயங்களை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது முனைவு. ஒலிபெருக்கிகள் இரண்டில் ஒன்றின் நேர், மறை முடிவிடங்களை மாத்திரம் மாற்றி இணைத்தால், ஒரு கூம்பு வெளியே வரும்போது மற்றையது உள்ளே செல்லும். அப்போது தாழ்ந்த மீடிறன் ஒலிகள் ஒன்றையொன்று பெருமளவில் அழிப்பதால் மேளத்தின் அடி மெலிந்து கேட்கும். இது காதுக்கே புலப்படும் உண்மையான மாற்றம். வயரின் ஒரு கம்பியில் கோடு இட்டிருப்பது இதற்காகவே. இரண்டாவது, வெளிப்புறக் கவசத்தின் ஒரு முனை மட்டும் இணைக்கப்பட்ட சில சைகை வயர்கள். அவற்றில் அம்பு, கவசம் இணைந்த முனை எப்பக்கம் இருக்க வேண்டும் என்பதைக் காட்டும். மாற்றினால் புற இரைச்சல் உட்புகும் அளவு வேறுபடலாம். அங்கும் திசை இருப்பது இணைப்பில்தான், செப்பில் அன்று.

அப்படியாயின் அண்ணாவுக்கு வித்தியாசம் கேட்டது எவ்வாறு? அவர் பொய் சொல்லவில்லை. கூடிய விலை கொடுத்து வாங்கியவர், மாற்றம் இருக்கும் என்ற எதிர்பார்ப்புடன் கேட்கும்போது மாற்றம் இருப்பதாகவே உணர்வார். இதனைச் சோதிக்க அவர் பாராதவாறு வேறொருவர் நாணயம் சுண்டி வயரின் திசையைத் தீர்மானிக்க வேண்டும். பாட்டும் ஒலியளவும் மாறாதிருக்க வேண்டும். இவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். வெறும் ஊகத்தினால் 5 தடவையும் சரியாகக் கூறுவதற்கான நிகழ்தகவு 1/32. 10 தடவையும் எனில் 1/1024. ஆகவே இரண்டு மூன்று தடவை சரியாகச் சொன்னதை வைத்து வயருக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று அம்மாணவரிடம் கூறினேன். அண்ணா இன்னும் சோதனைக்குச் சம்மதிக்கவில்லையாம்.

பயிற்சி வினா: மேற்கூறிய சோதனையில் ஒருவர் 10 தடவைகளில் 6 தடவை சரியாகக் கூறினார். வயரின் திசையை அவர் காதால் அறிந்தார் என முடிவு செய்யலாமா? காரணம் தருக.