நீல மூடிக் குழாயின் கணக்கு

ரத்தம் எடுக்கும் தட்டில் பல நிற மூடி போட்ட குழாய்கள் இருக்கும். அவற்றில் இளநீல மூடிக் குழாய்தான் அளவில் மகா கறார். உள்ளே 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் திரவம் கொஞ்சம் இருக்கும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்பது விதி. குழந்தைகளுக்கான சிறு குழாயில் 0.2 மில்லி சிட்ரேட் இருந்தால், 1.8 மில்லி ரத்தம் விட வேண்டும்.

ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். சிட்ரேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குழாய்க்குள் ரத்தம் உறையாது. ஆய்வகத்தில் பிளாஸ்மாவைப் பிரித்து, 37 டிகிரி வெப்பத்தில் திசுச் சாறும் கால்சியமும் சேர்த்து, உறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்க்கிறார்கள். அமெரிக்காவின் ஆர்மண்ட் குயிக் 1935-இல் வெளியிட்ட இந்த முறைதான் பி.டி. சோதனை. இன்னொரு வழியாக உறைதலைத் தூண்டிப் பார்ப்பது ஏ.பி.டி.டி.

குழாயில் ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சும். அது ஆய்வகத்தில் சேர்க்கும் கால்சியத்தையும் விழுங்கிவிட, நல்ல ரத்தமும் தாமதமாக உறைவதாகக் காட்டும். கெட்ட சாம்பிளும் ஓர் எண்ணைத் தந்துவிடும் என்பதுதான் ஆபத்து. அந்த எண்ணை நம்பி அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட நேரலாம். "மறுபடி எடுத்து அனுப்புங்க" என்று ஆய்வகம் சொல்லும்போது பெற்றோருக்குக் கோபம் வரும், நியாயம்தான். இருந்தாலும் அந்தப் பிடிவாதம் குழந்தைக்கு நல்லது.

பச்சிளங்குழந்தையிடம் இன்னொரு சிக்கல். அதன் ரத்தத்தில் சிவப்பணுக்கள் அதிகம், பிளாஸ்மா குறைவு. சிவப்பணுக்களின் பங்கு 55 சதவீதத்தைத் தாண்டினால், குழாயை அளவாக நிரப்பினாலும் பிளாஸ்மாவுக்குச் சிட்ரேட் அதிகமாகிவிடும். பிறவி இதயக் கோளாறால் நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கும் இதே நிலைமைதான். ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொன்னால், சிட்ரேட்டைக் குறைத்த குழாய் தருவார்கள்.

எண் சரியாக வந்தாலும், அதை எதோடு ஒப்பிடுவது? கனடாவின் ஹாமில்டனில் மருத்துவர் மோரீன் ஆண்ட்ரூ ஆரோக்கியமான சிசுக்களின் உறைதல் காரணிகளை (ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களை) அளந்து 1987-இல் வெளியிட்டார். வைட்டமின் கே-யை நம்பியிருக்கும் 2, 7, 9, 10 ஆகிய காரணிகள் பிறந்தபோது பெரியவர்களுக்கு இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஆறு மாத வாக்கில் பெரும்பாலானவை பெரியவர்களின் அளவை நெருங்குகின்றன. பெரியவர்களுக்கான அட்டவணையோடு ஒப்பிட்டால், நன்றாக இருக்கும் சிசுவும் நோயாளியாகத் தெரியும். எட்டாம் காரணியோ பிறக்கும்போதே நிறைவாக இருப்பதால், அது குறைவதால் வரும் ஹீமோஃபீலியா ஏ நோயை முதல் நாளிலேயே கண்டுபிடிக்கலாம்.

எடுக்கும் விதத்துக்கு வருவோம். குதிகாலில் குத்திப் பிழிந்த ரத்தம் ஆகாது. அதில் திசு நீர் கலந்து உறைதலைத் தொடங்கிவிடும். ரத்தநாளம் கிடைக்காமல் ஊசியை உள்ளேயே துழாவினாலும் அதே கதிதான். கையில் கட்டும் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் தளர்த்த வேண்டும். பட்டர்ஃபிளை ஊசியின் குழலில் இருக்கும் காற்று முதல் குழாயில் ரத்தம் குறைய வைக்கும். அதனால் அந்தக் குழாயை ஒதுக்கிவிட்டு அடுத்ததை நிரப்புவார்கள். உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்து ஓடிய லைனில் எடுப்பதைக் கூடியவரை தவிர்ப்பதே உத்தமம். ஒரு துளி கலந்தாலும் ஏ.பி.டி.டி. நீண்டுவிடும். ஊதா மூடிக் குழாய்க்கு முன்பே நீல மூடியை நிரப்பிவிட வேண்டும். நிரப்பியதும் மூன்று நான்கு முறை மெதுவாகத் தலைகீழாக்கினால் போதும், குலுக்கக் கூடாது. ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது. ஏ.பி.டி.டி.-யை நான்கு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் பார்த்துவிட வேண்டும்.

அழுகையும் கணக்கில் வரும். பிள்ளை கதறித் திமிறினால் ஃபான் வில்லபிரான்ட் என்ற உறைதல் காரணியும் எட்டாம் காரணியும் சற்று நேரம் ஏறிவிடுகின்றன. ஃபான் வில்லபிரான்ட் காரணி குறைவாக உள்ள குழந்தைக்கும் அன்றைக்கு முடிவு சரியாக வந்துவிடலாம். அதனால் அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும் பிள்ளைக்கு ஒரு முறை நல்ல எண் வந்ததும் மருத்துவர்கள் நோயில்லை என்று முடிவு கட்டுவதில்லை. சில வாரம் கழித்து, காய்ச்சல் சளி இல்லாத நாளாகப் பார்த்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.