கர்ப்பிணிகளும் மருத்துவரின் பேச்சும்

ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரும் கர்ப்பிணிகளின் எடை பார்க்கப்படுகிறது. இரத்த அழுத்தம் அளக்கப்படுகிறது. இரும்புச் சத்து மாத்திரைகள் வழங்கப்படுகின்றன. ஆனால் தாம்பத்திய வாழ்வு பற்றிய பேச்சு மட்டும் பெரும்பாலும் எழுவதேயில்லை. கேட்பதற்குத் தாய்க்கு நாணம். தொடங்குவதற்கு மருத்துவருக்குத் தயக்கம். இத்தயக்கத்தை நீக்க மருத்துவர்களுக்குத் தக்க பயிற்சி வேண்டும் என்பதையும், அதில் பஞ்சாயத்தாரின் பங்கு யாது என்பதையும் இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

மௌனத்தால் விளையும் தீங்கு

கருவுற்ற காலத்தில் கூடி வாழ்தல் சிசுவுக்குக் கேடு என்று அஞ்சும் தம்பதிகள் உண்டு. சிக்கலற்ற கர்ப்பத்தில் அது கேடு செய்வதில்லை. கருப்பையும் பனிக்குட நீரும் சிசுவைக் காத்து நிற்கின்றன. எனினும் விலகியிருக்க வேண்டிய நிலைமைகளும் உள. நச்சுக்கொடி கருப்பையின் வாயை மூடியிருத்தல், உதிரப்போக்கு, பனிக்குட நீர் கசிதல், குறைப்பிரசவ அறிகுறி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவ்வேறுபாட்டை மருத்துவர் கூறாவிடில், அண்டை அயலாரின் ஊகமே வைத்தியமாகிவிடுகிறது.

பால்வினை நோய்களால் வரும் தீங்கு இன்னும் பெரிது. சிபிலிஸ் நோயுற்ற கர்ப்பிணி சிகிச்சை பெறாவிடில் கருச்சிதைவு நேரலாம். குழந்தை இறந்து பிறக்கலாம். அல்லது நோயுடன் பிறக்கலாம். இரத்தப் பரிசோதனையால் இந்நோயைக் கண்டறிந்து, பெனிசிலின் ஊசியால் குணப்படுத்த இயலும். ஆனால் மனைவிக்கு மட்டும் சிகிச்சை அளித்து, நோயுள்ள கணவரை விட்டுவிட்டால் அது மீண்டும் தொற்றும். ஏரிக்கரையின் ஓர் உடைப்பை அடைத்து, மற்றோர் உடைப்பை விட்டுவிட்டது போன்றதே அது.

பேசவும் பயிற்சி வேண்டும்

மருந்தறிந்தவர் அனைவரும் பேச்சறிந்தவர் என்று கொள்வதற்கில்லை. இதனை உணர்ந்தே, 2019ஆம் ஆண்டு முதல் இந்திய மருத்துவக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் மனப்பாங்கு, நெறிமுறை, உரையாடும் திறன் ஆகியவற்றுக்கெனத் தனிப்பகுதி சேர்க்கப்பெற்றுள்ளது. ஏற்கெனவே பணியிலுள்ள மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இத்தகைய பயிற்சி தேவை.

அமெரிக்க உளவியலாளர் ஜாக் ஆனன் 1970-களில் வகுத்த நான்கு படிகள் இதற்கு நன்கு பயன்படுகின்றன. முதலாவது, பேச இடங்கொடுத்தல். “கர்ப்பிணிகள் பலருக்கு இதில் ஐயம் எழுவதுண்டு, தங்களுக்கும் ஏதேனும் கேட்க வேண்டுமா?” என்று வினவினால் நாணம் அகலும். இரண்டாவது, தேவையான செய்தியைச் சுருக்கமாகக் கூறுதல். மூன்றாவது, அவரவர் நிலைக்கேற்ற யோசனை வழங்குதல். நான்காவது, சிக்கல் பெரிதாயின் நிபுணரிடம் அனுப்புதல். பலருக்கு முதலிரண்டு படிகளே போதுமானவை.

பயிற்சியில் ஒருவர் கர்ப்பிணியாகவும் மற்றவர் மருத்துவராகவும் நடித்துப் பழகுதல் நற்பயன் தரும். வீட்டில் வற்புறுத்தலோ அடியோ உண்டா என்பதைக் கணவரும் மாமியாரும் அருகில் இல்லாதபோதே வினவவேண்டும் என்பதும் அங்குக் கற்பிக்கப்பட வேண்டும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை

எத்துணைப் பயிற்சி பெற்ற மருத்துவரும் பத்துப் பேர் நடுவே இவற்றைப் பேச இயலாது. எனவே துணை சுகாதார நிலையத்தில் தனி அறையோ, அதற்கு வழியில்லையேல் மறைப்புத் திரையோ அமைத்துத் தருதல் முதற்கடமையாகும். 2016இல் தொடங்கப்பெற்ற மத்திய அரசுத் திட்டத்தின்படி, ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடைபெறுகிறது. அன்று கணவன்மாரும் உடன் செல்லுமாறு கிராம சபையில் எடுத்துக்கூறலாம்.

பிரசவத்திற்குப் பின்னும் இப்பேச்சு தொடரவேண்டும். மாதவிலக்கு திரும்புமுன்னரே மீண்டும் கருத்தரிக்கக்கூடும். அடுத்த கருவுக்கு இரண்டு ஆண்டுகளேனும் இடைவெளி விடுதல் தாய்க்கும் சேய்க்கும் நன்மை.

வயலில் நோய் கண்டால் விவசாயி மறைப்பதில்லை. உடனே கேட்டறிந்து மருந்திடுகிறார். உடல்நலம் பற்றிக் கேட்பதும் அதுபோல் இயல்பானதே என்னும் எண்ணத்தை ஊரில் வளர்ப்பது பஞ்சாயத்து உறுப்பினர்களின் கையில் உள்ளது. மருத்துவர் பேசக் கற்கட்டும். தாய்மார் அஞ்சாது கேட்பதற்குரிய சூழலை நாம் உண்டாக்குவோமாக.