வராதவர்களின் பட்டியல்

கோயில்பட்டி டீக்கடை ஒன்றில் நாலைந்து பேர். எல்லோரும் ஒரு காலத்தில் ஹாக்கி மட்டை பிடித்தவர்கள். 'தயான் சந்தோட 36 டீமும் நம்ம பாஸ்கரனோட 80 டீமும் மோதினா எது ஜெயிக்கும்?' என்று ஒருவர் கிளப்பிவிட, பேச்சு இரண்டு டீக்கு நீண்டது. முடிவு கிடைக்கவில்லை. கம்பனா இளங்கோவா என்று கேட்டுக் கேட்டே தமிழ் படித்தவன் நான். இந்த மாதிரிக் கேள்விகளின் ருசியும் தெரியும், வஞ்சகமும் தெரியும். இருவரையும் ஒரே தராசில் ஏற்றும்போதே அவரவர் நின்ற தரையை உருவிவிடுகிறோம். ஆனாலும் கேள்வியை ஒதுக்கிவிட மனமில்லை. ஒப்பிடாமல் மதிப்பீடு ஏது? எதை வைத்து ஒப்பிடுவது என்பதுதான் விஷயம்.

நம்மவர்கள் முதலில் எடுப்பது கோல் கணக்கு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்தது 29, வாங்கியது ஒன்றுமில்லை. 1936 பெர்லினில் அடித்தது 38, வாங்கியது 1. 1956 மெல்போர்னிலும் 38, வாங்கியது பூஜ்யம். 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் இரண்டே ஆட்டங்களில் 35. ஆட்டத்துக்கு இத்தனை என்று வகுத்தால் 1932 அணிதான் சிகரம். ஆனால் அந்தப் போட்டிக்கு வந்தவை மூன்றே அணிகள்: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. இந்தியாவிடம் 24-1 என்று உதை வாங்கிய அமெரிக்காவுக்கும் வெண்கலம் கிடைத்தது. அப்படியானால் கோல் கணக்கு அடித்தவனை மட்டும் அளக்கவில்லை. எதிரே நின்றவனையும் அளக்கிறது, வராமலே போனவனை மறைக்கவும் செய்கிறது.

ஒரு பிரதியை அதன் மௌனங்களோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்று சிறுபத்திரிகைகளில் நெடுநாளாகப் பேசிவருகிறோம். அதை ஏன் பதக்கப் பட்டியலுக்குச் செய்யக்கூடாது?

1908, 1920 இரண்டிலும் தங்கம் வாங்கிய பிரிட்டன் 1928, 32, 36 மூன்றுக்கும் ஹாக்கி அணி அனுப்பவில்லை. தன் காலனியிடம் தோற்க அஞ்சித்தான் வரவில்லை என்று சொல்வோர் உண்டு. காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றே: ஆண்டவனும் ஆளப்பட்டவனும் ஒலிம்பிக் மைதானத்தில் நேருக்கு நேர் நிற்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆகஸ்டில், வெம்பிளியில், பதின்மூன்று அணிகள் வந்த போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியா 4-0. அந்த ஒலிம்பிக்கில் மொத்தம் அடித்தது 25 கோல்தான், 1936ஐவிடப் பதின்மூன்று குறைவு. என் தராசில் கனமானது இதுதான்.

அதே 1948க்கும் ஒரு மௌனம் உண்டு. 1936இல் இந்தியாவுக்காக ஆடித் தங்கம் வாங்கிய அலி தாரா, 1948இல் பாகிஸ்தான் அணியின் கேப்டன். ஒரே பள்ளியில் பழகிய ஆட்டம் இரண்டாகப் பிளந்திருந்தது. அதற்குப் பின் 1956, 60, 64 மூன்று ஒலிம்பிக் இறுதிகளிலும் இந்த இரு நாடுகளே மோதின, மூன்றுமே 1-0. 1960இல் இந்தியா 'வீழ்ந்தது' என்று எழுதுகிறோம். யாரிடம்? தன்னுடையதாக இருந்த பாதியிடம்.

ஆக 'இந்திய அணி' என்ற பெயரும் ஒரே பொருள் அல்ல. 1928 அணியில் பெரும்பகுதி ஆங்கிலோ-இந்தியர்கள். கேப்டன் ஜெய்பால் சிங், முண்டா பழங்குடி. பிறகு ஆதிவாசி மகாசபையை நடத்தியவர், அரசியல் நிர்ணய சபையில் தன் மக்களுக்காகப் பேசியவர். பொற்காலக் கதையில் தயான் சந்த் இருக்கிறார், இருக்கவும் வேண்டும். ஜெய்பால் சிங் அடிக்குறிப்பில்கூடச் சிரமப்பட்டுத்தான் நுழைகிறார்.

சரி, 1980 மாஸ்கோ. கேப்டன் சென்னைக்காரரான வி. பாஸ்கரன் என்பதால் நமக்குக் கூடுதல் பாசம். ஆனால் புறக்கணிப்பால் மேற்கு ஜெர்மனி இல்லை, நெதர்லாந்து இல்லை, ஆஸ்திரேலியா இல்லை, பாகிஸ்தான் இல்லை. ஆறே அணிகள். அடித்த 43 கோலில் 31 தான்சானியா, கியூபா இரண்டிடமிருந்து மட்டும். மீதி நாலு ஆட்டங்களில் அடித்தது 12, வாங்கியது 9. இறுதியில் ஸ்பெயினை 4-3 என்று மூச்சுமுட்டித்தான் ஜெயித்தோம். அதில் ஆடியவர்களைக் குறை சொல்லவில்லை. வந்தவனோடுதானே ஆட முடியும்? ஆனால் அந்தத் தங்கத்தைவிட, எல்லோரும் வந்த டோக்கியோவில் 2021இல் ஜெர்மனியை 5-4 என்று தோற்கடித்து வாங்கிய வெண்கலம் எனக்குக் கனமாகத் தெரிகிறது. குழு ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவிடம் 7-1 என்று நொறுங்கிய அதே அணிதான் அது.

'தரையை மாத்தி நம்மள ஒழிச்சிட்டானுங்க' என்று டீக்கடையிலும் ஒருவர் சொன்னார். 1976 மாண்ட்ரியாலில் முதன்முதலாக ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைப் புல்தரைக்குப் போனது, இந்தியா ஏழாமிடம். உண்மை. ஆனால் அதே மாண்ட்ரியால் தரையில் பாகிஸ்தான் வெண்கலம் வாங்கியது, 1984இல் தங்கமும். அவர்களும் நம்மைப்போலப் புல்லில் வளர்ந்தவர்கள்தானே? வெள்ளைக்காரச் சதி என்பது பாதிக் கதை. அது மீதிப் பாதியைப் பேசவிடாமல் செய்கிறது. செயற்கைத் தரைக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டும், பாய்ச்சத் தண்ணீர் வேண்டும். ஜார்க்கண்ட் சிம்டேகாவிலும் ஒடிசா சுந்தர்கரிலும் நம் கரிசலிலும் மண்ணில் ஆடிப் பழகிய பிள்ளைக்கு அந்தத் தரை எத்தனை வயதில் காலில் படுகிறது? வெளியே இருந்து வந்த தரை உள்ளுக்குள் யாரைச் சலித்துக் கழித்தது என்று எந்தக் கோல் கணக்கும் சொல்லாது.

36ஆ 80ஆ என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆஃப்சைடு இருந்த ஆட்டம் அது, இப்போது இல்லை. எழுபது நிமிஷம் ஓடிய கால்கள் அவை. மோதவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு தங்கத்துக்குப் பக்கத்திலும் வராதவர்கள், வரவிடப்படாதவர்கள் பட்டியலை வைத்து வாசிக்க முடியும். பொற்காலம் என்று யார் எதைச் சொன்னாலும், சங்க காலமே ஆனாலும், முதலில் அந்தப் பட்டியலைக் கேட்போம்.