உஷார்! பேராசிரியர் என்று அழைத்து வரும் மின்னஞ்சல்

ஹட்டனிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் நுவரெலியாத் தோட்டங்களிலிருந்தும் பேராதனைக்கும் கொழும்புக்கும் விஞ்ஞானம் படிக்கப் போயிருக்கும் தம்பி, தங்கச்சிமாரே, கொஞ்சம் நின்று இதை வாசியுங்கள். உங்கள் பெயர் ஏதாவதொரு மாநாட்டுத் தொகுப்பில் அச்சானதும் மின்னஞ்சல்கள் வரும். இளமாணிப் பட்டமே முடியாத உங்களைப் பேராசிரியர் என்று விளித்திருப்பார்கள். ஒரு வாரத்தில் சர்வதேச ஆய்விதழில் கட்டுரை வரும் என்பார்கள். தாக்கக் காரணி என்று, இதழுக்குக் கிடைத்த மேற்கோள்களை வைத்துக் கணக்கிடும் ஓர் எண்ணையும் காட்டுவார்கள். காசு எவ்வளவு என்பதைக் கட்டுரையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் சொல்வார்கள். பதில் அனுப்பாதீர்கள்!

150 டொலர் கேட்கிறார்கள் என்று வையுங்கள். டொலர் 300 ரூபாய் என்றால் 45,000 ரூபாய். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024 இல் 1,350 ரூபாயாக நிர்ணயமானது. அந்தக் கணக்கில் பிடிப்பனவுகளை விட்டுவிட்டாலும் 33 நாளுக்கு மேல் கொழுந்து பறிக்க வேண்டும். லயத்திலிருந்து முதல் ஆளாகக் கம்பஸ் போன பிள்ளை கேட்டால் எந்த அம்மா இல்லை என்பார்? தோட்டை அடகு வைத்தாவது அனுப்புவார். அதனால்தான் எனக்குப் பதறுகிறது.

காசை வாங்கிக்கொண்டு இவர்கள் கட்டுரையை வாசிக்கவாவது செய்கிறார்களா? ஜோன் பொஹானன் என்ற விஞ்ஞானப் பத்திரிகையாளர் 2013 இல் ‘சயன்ஸ்’ இதழுக்காக இதைச் சோதித்தார். லைக்கனிலிருந்து எடுத்த ஒரு பொருள் புற்றுநோய்க் கலங்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று ஒரு பொய்க் கட்டுரை எழுதினார். ஆசிரியர் பெயரும் நிறுவனமும் கற்பனை. மருந்தை எதனோல் மிகுந்த கரைசலில் கலந்து கலங்களுக்கு இட்டதாகவும், ஒப்பீட்டுக்கு வைத்த கலங்களுக்கு அந்த எதனோலே இல்லை என்றும் வேண்டுமென்றே பிழை வைத்தார். கலங்களைத் தாக்கியது மருந்தா எதனோலா என்று உயர்தர உயிரியல் படித்த பிள்ளை கேட்டுவிடும். 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. கட்டணம் வாங்கும் இதழெல்லாம் மோசடி என்று இதற்குப் பொருள் இல்லை. ‘பிளொஸ் வன்’ இதழும் கட்டணம் வாங்குவதுதான், ஆனால் குறையைக் கண்டுபிடித்து அந்தக் கட்டுரையை நிராகரித்தது.

நமக்குப் பக்கத்திலேயே நடந்ததும் உண்டு. ஹைதராபாத்தைத் தளமாகக் கொண்ட ஒமிக்ஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016 இல் வழக்குப் போட்டது. ஆய்வாளர்களை ஏமாற்றியது, கட்டணத்தை மறைத்தது என்பவை குற்றச்சாட்டுகள். 2019 இல் 5 கோடி டொலருக்கு மேல் செலுத்தும்படி நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்னொரு பொறி, மேற்கோள் எண்ணிக்கை. மேற்பார்வையாளரைத் தேடும்போது ‘எச் சுட்டெண்’ பெரிதாக உள்ளவரே பெரியவர் என்று முடிவுகட்டாதீர்கள். ஒருவருடைய பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்துத் தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அந்தச் சுட்டெண் பத்து. ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005 இல் வகுத்த அளவு அது. 2010 இல் சிரில் லபே என்ற பிரெஞ்சு ஆய்வாளர், ஐக் அன்ட்காரே என்று இல்லாத ஒரு விஞ்ஞானியைப் படைத்தார். கணினி எழுதிய ஏறத்தாழ நூறு போலிக் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டவைத்தார். கூகிள் ஸ்கொலர் அந்த ஆளில்லாப் பெயருக்குத் தந்த சுட்டெண் 94!

எண்ணை வைத்து ஆளை எடைபோடுவதை எதிர்த்தவர்களில் கல உயிரியலாளர்களும் உண்டு. அமெரிக்கக் கல உயிரியல் சங்கம் 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடியபோது உருவான பிரகடனம், இதழின் தாக்கக் காரணியைக் கொண்டு ஒரு விஞ்ஞானியை மதிப்பிடக் கூடாது என்றது. எண்ணுக்குள் அடங்காத ஆய்வும் உண்டு என்பதற்கு நம் மலையிலேயே சான்று இருக்கிறது. தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்துத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தெரிந்தெடுத்துத் தந்த 2023, 2025, 2026 என்று இலக்கமிட்ட தேயிலை இனங்கள் மலைச்சரிவுகளில் பரவலாக நிற்கின்றன. தாய்ச்செடியின் தண்டுத் துண்டிலிருந்து வளர்ந்த அந்தக் கன்றுகளை எந்த மேற்கோள் பட்டியல் எண்ணும்?

அழைப்பு வந்தால் அந்த இதழில் முன்பு வந்த இரண்டு கட்டுரைகளையாவது திறந்து வாசியுங்கள். ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவருடைய பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அவர் அந்த இதழின் பெயரைச் சொல்கிறாரா என்று பாருங்கள். நல்ல இதழ்களின் பெயரையும் பதிவெண்ணையும் திருடிப் போலித் தளம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் தொடாமல், நூலகரிடம் கேட்டு முகவரியை எடுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ‘சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ்’ போன்ற உள்ளூர் இதழ்களைச் சிறிதென்று தள்ளாதீர்கள். காசு கொடுத்தால் முதலாம் ஆசிரியர் இடம் தருகிறேன் என்று யாராவது வந்தால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

ஏற்கெனவே கட்டுரையை அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுத்தில் அனுப்பி, எல்லாக் கடிதங்களையும் சேமித்து வையுங்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். கட்டுரை அங்கே வெளியாகிவிட்டால் அதையே நல்ல இதழுக்கு மறுபடி அனுப்ப முடியாது. திரும்பப் பெறக் கட்டணம் கட்டு என்று மிரட்டுவார்கள். மேற்பார்வையாளரைக் கேட்காமல் ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.